கலருக்கு ரோஸ், வாசத்துக்கு மல்லி

"வாசம் வேணும்னா மல்லி வாங்குங்கண்ணே. ரோஸ் கலருக்குத்தான்."

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் குவீன் தெரு. மகாமாரியம்மன் கோயில் கோபுரம் கண்ணில் படும் தூரத்தில் ஒரு பூக்கடை. வாளியில் நின்ற சிவப்பு ரோஜா ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் நான் இழுத்த இழுப்பைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கார அக்கா அப்படிச் சொன்னார். பூவில் ஒன்றுமே இல்லை. ஈரம் இருந்தது, நறுக்கிய தண்டின் பச்சை வாடை இருந்தது, அவ்வளவுதான்.

சொல்லிக்கொண்டே அவர் கை வேலை செய்தது. மொட்டைக் காம்போடு கிள்ளினார். பயணத்தில் கசங்கிய வெளியிதழ்கள் இரண்டைக் களைந்தார். மீதி இதழ்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் மடித்துவிட்டார். நான்கு மடிப்பில் மொட்டு, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்த பூவானது. "செடியில மலர்ந்து வந்தா வழியிலேயே கொட்டிரும்ணே. அதான் மொட்டா எடுத்து நாமளே மலர்த்திவிடறது." ரோஜா கேமரன் மலையிலிருந்து லாரியில் வருகிறதாம். மல்லிகை இந்தியாவிலிருந்து விமானத்தில் வருகிறதாம். வாசனைக்கு விமானம், வண்ணத்துக்கு லாரி. எட்டு வெள்ளிக்கு ஒரு முழம் மல்லி வாங்கினேன். மலேசியாவில் நம்மவர்களுக்கு ரிங்கிட் இன்னும் வெள்ளிதான். நான் மோந்து பார்த்த ரோஜாவை, "இதையும் வச்சுக்குங்க" என்று சும்மா கொடுத்தார். விடுதி அறையில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி நிறுத்திவைத்தேன்.

எனக்கு ரோஜா என்றால் மூக்குதான் முதலில் திறக்கும். காரணம் அப்பா. நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் பன்னீர் ரோஜா இருந்தது. விடிவதற்கு முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு பறிப்போம். முள் குத்திய விரலை வாயில் வைத்தால் இரத்தத்தோடு பன்னீரும் மணக்கும். "வெயில் ஏறினா வாசம் இறங்கிடும், வேகமாப் பறி" என்பார் அப்பா. சந்தைக்குப் போகும் சாக்கைப் பேருந்தின் மேலே போட்டால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும். அந்த மூக்கோடு வந்தவனுக்குத்தான் குவீன் தெருவில் ஏமாற்றம்.

நான் தங்கியிருந்த நான்கு நாளும் ஊர் காட்டியவன் சித்தப்பா மகன். ஜெலுத்தோங்கில் வீடு, பிறந்தது வளர்ந்தது எல்லாம் பினாங்கு. என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "அண்ணே, வாசமுள்ள ரோஸ்தானே வேணும்? வாங்க" என்று நடத்திக்கொண்டே போனான். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கும் பக்கம். 1801இல் காதர் மொஹிதீன் என்ற தென்னிந்திய முஸ்லிம் வணிகர் எழுப்பிய பள்ளிவாசல் அது. பக்கத்திலேயே ஒரு சிறிய அத்தர் கடை. எழுபதைத் தாண்டிய பெரியவர், கடையநல்லூர்ப் பூர்வீகம். கதவைத் திறந்ததும் ஊது, சந்தனம், கஸ்தூரி எல்லாம் சேர்ந்து முகத்தில் வந்து மோதின.

"ரோஜாவா? எந்த ரோஜா?" என்று கேட்டார் பெரியவர். அந்தக் கேள்வியிலேயே பாதிப் பதில் இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

மூன்று சீசா எடுத்து வைத்தார். முதலாவது பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் செயற்கை ரோஜா. மோந்தவுடன் ரோஸ் மில்க் ஞாபகம் வந்தது. இரண்டாவது வட இந்தியக் கன்னோசி ஊரின் அத்தர். செப்புப் பானையில் ரோஜா இதழையும் தண்ணீரையும் போட்டு மூடி, களிமண் பூசி, விறகடுப்பில் கொதிக்கவைத்து, வரும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது கன்னோசியின் பழைய முறை. மூன்றாவது சுண்டுவிரல் நுனி அளவு சீசா, துருக்கியில் இறக்கிய சுத்த ரோஜா எண்ணெய். ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் 4 டன் இதழ் வேண்டும். அப்பாவின் சாக்குக் கணக்கில் யோசித்தேன். எங்கள் நிலம் ஒரு பருவம் முழுக்கப் பூத்தாலும் அதில் பாதிகூடத் தேறாது.

"அசலான்னு எப்படித் தெரியும் மாமா?" என்றான் தம்பி. பெரியவர் பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்து ஒரு கோப்பை ஐஸ் வரவழைத்தார். சீசாவை அதில் அழுத்தி வைத்து, எங்களிடம் பேரன் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் கழித்து எடுத்துக் காட்டினார். எண்ணெய்க்குள் ஊசி ஊசியாக வெள்ளைப் படிகம். "பினாங்கு சூட்டுல இது உறையவே உறையாது. ஐஸ் காட்டணும். உறையறது மெழுகு. அதுக்கு வாசமே கிடையாது. ஆனா அது இருந்தாத்தான் சரக்கு அசல்." உள்ளங்கைச் சூட்டில் சீசாவைப் பொத்தினார், படிகம் கரைந்தது.

பிறகு பன்னீர் புட்டியைத் திறந்தார். எண்ணெயும் பன்னீரும் ஒரே பூவில், ஒரே கொதியில் பிறந்தவை. ஆனால் மணம் ஒன்றில்லை. எண்ணெயில் எலுமிச்சை கலந்த காரம், தேன், கொஞ்சம் மிளகு. பன்னீரில் மெத்தென்ற இனிப்பு. காரணம் எளிமையானது. ரோஜாவின் இனிப்பு மணத்துக்குப் பெரும்பொறுப்பு ஃபினைல் எத்தனால் என்ற பொருள். அது தண்ணீரில் நன்றாகக் கரையும். வடிக்கும்போது எண்ணெயோடு மிதக்காமல் பன்னீரோடு போய்விடுகிறது. மேலே மிதக்கும் எண்ணெயில் சிட்ரோனெல்லோலும் ஜெரானியோலும் தங்கிவிடுகின்றன. கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பு தெளிக்கும் மணத்தை ரோஜாவின் முழு மணம் என்று நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது ரோஜாவில் பாதி.

ரோஜா மணம் என்று ஒன்று தனியாகக் கிடையாது. நூற்றுக்கணக்கான ஆவிப்பொருள்களின் கூட்டு அது. அந்தக் கூட்டில் அளவு குறைந்தது அதிகாரம் பண்ணுவதும் உண்டு. டமாஸ்கினோன் என்ற பொருள் ரோஜா எண்ணெயில் துளியிலும் துளிதான். ஆனாலும் மூக்குக்கு எண்ணெயை ரோஜாவாகக் காட்டுவதில் அதற்குப் பெரிய பங்கு. சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. ரோஜாவுக்கு ரோஜா இந்தக் கூட்டு மாறுகிறது. ஒன்றில் பெருங்காயம் தூக்கல், ஒன்றில் புளி தூக்கல், இன்னொன்றில் அடுப்பே பற்றவைக்கவில்லை.

அடுப்பு ஏன் பற்றவில்லை என்பதற்கு 2015இல் பிரான்ஸிலிருந்து ஒரு பதில் வந்தது. மணக்கும் 'பாப்பா மெய்யாங்' ரோஜாவையும், மணம் வராத 'ரூஜ் மெய்யாங்' ரோஜாவையும் ஆய்வாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மரபணுக்களை ஒப்பிட்டார்கள். மணக்கும் பூவில் ஒரு நொதி ஓடியாடி வேலை செய்தது, மணக்காததில் அது ஏறக்குறைய இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த நொதியின் உறவுக்காரர்கள் மற்ற உயிர்களின் செல்களில் செய்வது துப்புரவு வேலை, கெட்டுப்போன மூலக்கூறுகளை அகற்றுவது. பெரும்பாலான செடிகள் ஜெரானியோல் தயாரிக்க வேறு வழி வைத்திருக்கின்றன. ரோஜாவோ பாத்திரம் கழுவ வந்தவரைச் சமையல்காரர் ஆக்கியிருக்கிறது. அவர் லீவு போட்ட ரோஜாவில் ஜெரானியோல் வகை மணம் இல்லை.

கடையை விட்டு வெளியே வந்ததும் வெயில் தாங்கவில்லை. தெருவோரக் கடையில் தம்பி பண்டுங் சொன்னான். ரோஜா சிரப்பும் கெட்டிப்பாலும் கலந்த இளஞ்சிவப்புப் பானம், மலாய்க்காரர் கல்யாணமோ நோன்பு திறப்போ அது இல்லாமல் நடக்காது. மயிலாப்பூர் காளத்தி கடை ரோஸ் மில்க் குடித்தவர்களுக்கு அதன் ஒன்றுவிட்ட தங்கை என்று தோன்றும். நான் லைச்சி கேட்டேன். ஐஸில் மிதந்த பழத்தைக் கடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரோஜா! அது என் பிரமை இல்லை. ரோஜா எண்ணெயின் கூர்மையான வாடைக்குக் காரணமான ரோஸ் ஆக்சைடு லைச்சிப் பழத்திலும் முக்கியமான மணப்பொருள். பூக்கடை ரோஜாவில் இல்லாத ரோஜா சீனர்களின் பழத்தில் இருந்தது.

மலாயில் ரோஜாவுக்கு 'மாவார்' என்று பெயர். அரபியில் 'மா அல்-வர்து' என்றால் ரோஜாத் தண்ணீர், அதாவது பன்னீர். அந்தச் சொல்தான் இங்கே பூவின் பெயராகிவிட்டது. பூவுக்கு முன்னால் புட்டி வந்து சேர்ந்திருக்க வேண்டும். நம் 'ரோஜா' போர்த்துகீசியர் கொண்டுவந்த 'ரோசா'. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் இது கிடையாது. நமக்கும் மலாய்க்காரருக்கும் ரோஜா கப்பலில் வந்த பூ.

கப்பல் என்றதும் இந்த ஊரை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே கொடி நட்டது, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவில் கம்பெனிக் கப்பல்களுக்கு ஒரு தங்குமிடம் வேண்டும் என்பதற்காகத்தான். அதையடுத்த சில பத்தாண்டுகளில்தான் சீன ரோஜாக்கள் கான்டன் நகரை ஒட்டிய நாற்றுப்பண்ணைகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் போயின. சில நேராக, சில கல்கத்தா வழியாக. 1790களில் ஒரு சிவப்பும் ஒரு இளஞ்சிவப்பும், 1809இல் ஒரு வெளிர் ரோஸ், 1824இல் ஒரு மஞ்சள். கல்கத்தாவுக்குப் போன தொட்டிகளில் ஒன்றிரண்டு இந்தத் துறைமுகத்தில் தண்ணீர் குடித்திருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் நம்பத் தோன்றும் ஊகம்.

ஐரோப்பாவின் பழைய டமாஸ்கஸ் வகை ரோஜாக்களுக்கு மணம் கொட்டிக் கிடந்தது, ஆனால் பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறைதான் பூத்தன. சீனத்து ரோஜா வருடமெல்லாம் பூக்கும். அதன் மணமோ மெலிது, தேயிலை போல. அந்தத் தேயிலை மணத்தைத் தரும் பொருள் டமாஸ்கஸ் வகையில் கிடையாது. இரண்டையும் கலந்தார்கள். 1867இல் பிரான்ஸில் 'லா பிரான்ஸ்' பிறந்தது. இன்றைய பூக்கடை ரோஜாவின் வம்சத்துக்கு அதுவே முதல் பூ என்று வைத்திருக்கிறார்கள். வருடமெல்லாம் பூப்பது வந்தது, நீண்ட காம்பு வந்தது, மஞ்சளும் ஆரஞ்சும் வந்தன. மணம் மட்டும் லாட்டரி ஆனது. அது ஒரு மரபணுவின் வேலையில்லை, பலவற்றின் கூட்டு. மணமுள்ள இரண்டைச் சேர்த்தாலும் பிள்ளை மணக்காமல் போவது ரோஜா வளர்ப்பவர்கள் தினம் பார்க்கும் சங்கதி.

மூன்றாம் நாள் விடியற்காலை ஆயர் ஈத்தாமுக்குப் போய்க் கொடிமலை ரயிலில் ஏறினோம். 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயில் இது. இப்போது ஓடுவது 2011இல் வந்த புது வண்டி. சில நிமிடத்தில் 700 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் விடுகிறது. கீழே சட்டை முதுகில் ஒட்டியது, மேலே தம்பி கையைக் கட்டிக்கொண்டான். வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து பங்களா கட்டிய மலை. சீமைப் பூச்செடிகளையும் கூடவே கொண்டுவந்தார்கள். கீழே கடற்கரைச் சூட்டில் ரோஜா ஒரே நாளில் விரிந்து உதிரும், இலையில் கரும்புள்ளி விழும். மேலே கொஞ்சம் மூச்சு விடுகிறது.

நடைபாதையை ஒட்டி ஒரு பழைய வீட்டு வேலியில் ஒரு செடி. வெளிர் மஞ்சளில் விளிம்பு மட்டும் ரோஸ் படிந்த மூன்று பூக்கள், மேலே பனித்துளி. குனிந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியுமா என்று இருந்தது. பிறகு அப்பா செய்வது நினைவுக்கு வந்தது. பூவை இரண்டு கையாலும் பொத்தி, வாய்ச்சூட்டை உள்ளே ஊதினேன், கண்ணாடியைத் துடைக்க ஊதுவது போல. மணப்பொருள் இதழின் மேற்பரப்புச் செல்களிலிருந்து கிளம்புகிறது. குளிரில் அது எளிதில் ஆவியாகாது, கொஞ்சம் சூடு வேண்டும். அதிகம் சூடேறினாலோ காற்றடித்தாலோ வந்த வேகத்தில் கலைந்துவிடும். அதனால்தான் ஒரே செடி காலையில் ஒன்றும் மத்தியானம் ஒன்றுமாகத் தெரிகிறது, பல்கேரியாவில் எண்ணெய்க்குப் பறிப்பவர்களும் நிலக்கோட்டையில் அப்பாவும் ஒரே நேரத்தைச் சொல்கிறார்கள்.

இரண்டாவது ஊதலில் வந்தது. பன்னீர் இல்லை. எனக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. உலர்ந்த ஏதோ இலை. தம்பியைக் கூப்பிட்டேன். மூக்கை வைத்த கணமே சொன்னான்: "தே ஓ அண்ணே!"

தே ஓ என்றால் இங்கே பால் சேர்க்காத தேநீர். ரோஜா வரலாறு எதுவும் படிக்காதவன், பினாங்குத் தேநீர்க் கடைகளில் வளர்ந்த மூக்கு. கான்டனிலிருந்து புறப்பட்ட ரோஜாவுக்கு வெள்ளைக்காரன் வைத்த 'தேயிலை ரோஜா' என்ற பெயரை ஒரே மூச்சில் கண்டுபிடித்துவிட்டான். நானோ அதே பூவில் பன்னீரைத் தேடி, அது இல்லை என்பதால் மணமே இல்லை என்று நகரப் பார்த்தேன். சில மணங்கள் சில மூக்குகளுக்கு எட்டுவதே இல்லை என்பதும் உண்மை. மஞ்சள் நிறமிகள் சிதையும்போது பிறக்கும் ஐயோனோன் என்ற பொருளை ஒருவர் பூவாக மோப்பார், இன்னொருவர் ஒன்றுமில்லை என்பார். காரணம் மூக்கில் இருக்கும் ஒற்றை மரபணுவின் சிறு வேறுபாடு. அத்தர் கடைப் பெரியவர் 'எந்த ரோஜா' என்று கேட்டது சரிதான். 'யார் மூக்கு' என்றும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

இறங்கும்போது மனசில் ஒன்று உறுத்தியது. காம்பு நீளத்துக்கும் நிறத்துக்கும் ஆசைப்பட்டு மணத்தைத் தொலைத்தவர்கள் என்று யாரையோ குறைசொல்லிக்கொண்டு வந்தேன். எங்கள் முக்கால் ஏக்கர் என்ன ஆனது? நான் கல்லூரியில் படித்தபோது அப்பாவே பாதிச் செடியைப் பிடுங்கிவிட்டுப் பட்டன் ரோஸ் வைத்தார். மணம் கிடையாது, ஆனால் இரண்டு மூன்று நாள் நிற்கும், வெளியூர் லாரி தாங்கும். பன்னீர் ரோஜா மத்தியானத்துக்குள் விற்காவிட்டால் குப்பை. "வாசத்துக்கு எவனும் தனியாக் காசு தர்றதில்லடா. நிக்கிற பூவுக்குத்தான் விலை" என்றார். என் கல்லூரிக் கட்டணம் வாசமில்லாத ரோஜா கட்டியது. ரோஜா நாம் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறது.

பன்னீர் ரோஜா என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் டமாஸ்கஸ் வகையும் உண்டு, எட்வர்ட் ரோஜாவும் உண்டு. எட்வர்ட் என்பது பூர்போன் வம்சம். இந்தியப் பெருங்கடலில் பூர்போன் தீவில், இன்றைய ரீயூனியனில், சீன ரோஜாவையும் டமாஸ்கஸ் ரோஜாவையும் வேலியில் கலந்து நட்டிருந்தார்கள். 1817 வாக்கில் இரண்டும் தாமாகக் கலந்து முளைத்த பூ அந்த வம்சத்தின் மூலம். பின்னாளில் கரும்புத் தோட்டத்துக்கு நம் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோன அதே தீவு. நம் ஊர்ப்பூ என்று நான் உரிமை கொண்டாடுவதும் கலப்புப் பூதான். இரண்டு பக்கத்தையும் கலந்தும் மணத்தை விடாத பூ. கட்டிய மாலைக்கு மணம் வேண்டும் என்று ஒரு காலத்தில் நாம் கேட்டுக்கொண்டே இருந்ததால் தங்கியது.

நான்காம் நாள் காலை ஊருக்குக் கிளம்பும் முன் பூக்கடைக்குப் போனேன். அப்போதுதான் விமானப் பெட்டி வந்திருந்தது. அக்கா தெர்மாகோல் மூடியைக் கத்தியால் நெம்பினார். ஈரத்துணி, ஐஸ், வாழையிலைக்குள் மல்லி. ஓரத்தில் தனியாக ஒரு பொட்டலம். "ஒரு வீட்டுல அறுபதாம் கல்யாணம்ணே. தலையில தூவ உதிரியா கேட்டிருக்காங்க. இது மாலைக்கு ஆகாது" என்று பிரித்தார்.

இளஞ்சிவப்பு, சிறுசு, கசங்கல். பார்த்தால் யாரும் எட்டுக் காசுக்கு மதிக்க மாட்டார்கள். மல்லியின் வாசனையை ஓரமாகத் தள்ளிவிட்டு அது கடைக்குள் எழுந்து நின்றது. நான் பேசவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பூவை எடுத்துக் கையில் வைத்தார். காசு நீட்டியதற்கு, "வேணாம்ணே, மத்தியானத்துக்குள்ள கொட்டிரும்" என்றார்.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்பாவுக்குப் போன் செய்தேன். "அப்பா, பினாங்குக்கு நம்ம பன்னீர் ரோஸ் வருது. பிளைட்ல."

"என்ன விலை போகுது?"

"சும்மாக் குடுத்தாங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கொட்டிருமேடா" என்றார்.

அறையைக் காலி செய்யும்போது தம்ளரில் சிவப்பு ரோஜா முதல் நாள் வைத்தது போலவே விறைப்பாக நின்றிருந்தது. ஒரு இதழ்கூட விழவில்லை. தண்ணீரை மாற்றி ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பட்டர்வொர்த் ஃபெரியில் பாதிக் கடலில் பைக்குள் கையை விட்டால் காம்பு தனி, இதழ் தனி. விரலை மோந்தேன். ஊருக்கு வந்து அந்தச் சட்டையைத் துவைக்கப் போடும்வரை மணம் இருந்தது.